அறம் நம்மிடம் எவ்வளவு கேட்கலாம்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பயன்பாட்டுவாதம் என்னும் அறக்கோட்பாட்டை அறிமுகம் செய்திருந்தோம். ஒரு செயலால் பாதிக்கப்படும் எல்லோருடைய நலனையும் கூட்டிப் பார்த்து, நம்மால் இயன்ற வழிகளுள் எது மிகுதியான நன்மையைத் தருமோ அதைச் செய்வதே சரி என்பது அக்கோட்பாட்டின் சாரம். அதைப் படித்தபின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றி அமைந்திருந்தன. இந்தக் கோட்பாட்டின் பாரத்தைத் தனிமனிதர் தாங்க முடியுமா என்பதே அக்கவலை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): மிகுதியான நன்மை தரும் செயல் மட்டுமே சரி என்றால், நான் திரைப்படம் பார்க்கச் செலவிடும் பணமும் நேரமும்கூடத் தவறாகிவிடுமா? இக்கோட்பாடு உண்மையிலேயே அவ்வளவு தூரம் போகிறதா, அல்லது எதிர்ப்பவர்கள் மிகைப்படுத்துகிறார்களா?

பதில்: மிகைப்படுத்தவில்லை. கடுமையான வடிவத்தில் இக்கோட்பாடு அவ்வளவு தூரம் போகத்தான் செய்கிறது. அதற்கான காரணமும் அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது. மூன்று கருத்துகள் அங்கே ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. ஓரளவு நன்மை செய்தால் போதும் என்று அது விடுவதில்லை. இயன்றவற்றுள் மிகுதியானதையே கேட்கிறது. என் நலனுக்கும் முன்பின் அறியாத ஒருவரின் நலனுக்கும் ஒரே எடை என்று கொள்கிறது. தீங்கு செய்வதற்கும், தடுக்க முடிந்த தீங்கைத் தடுக்காமல் விடுவதற்கும் அடிப்படையான வேறுபாடு இல்லை என்கிறது. ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். ஆனால் உலகில் துன்பம் மிகுந்திருக்க, அதைக் குறைக்கும் வழியும் நம் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, மூன்றும் சேர்ந்து ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் இடமே இல்லாத ஒரு வாழ்க்கையில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியான தம் நூலில் இக்கோட்பாட்டை வகுத்தபோது, அவருடைய கவனம் பெரும்பாலும் சட்டங்களின் மீதும் தண்டனைகளின் மீதும் இருந்தது. சட்டமியற்றுவோரிடம் ‘எல்லோரையும் சமமாக எண்ணி மிகுதியான நன்மையைத் தேடுங்கள்’ என்று சொல்வதில் யாருக்கும் வியப்பில்லை, ஏனெனில் அவர்களுடைய வேலையே அதுதான். அதே கட்டளை ஒரு தனிமனிதரின் மாலைப்பொழுதை நோக்கித் திரும்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அப்படித் திருப்பியவர்களுள் முதன்மையானவர் தத்துவவாதி பீட்டர் சிங்கர். 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் அகதிகளாக வெளியேறிய காலத்தில் எழுதி, 1972இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. ஆழமில்லாத குளம் ஒன்றில் குழந்தை மூழ்கிக்கொண்டிருக்கிறது. இறங்கினால் உங்கள் ஆடை பாழாகும். ஆடைக்காக யாரும் தயங்கலாகாது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். அப்படியானால் தொலைவில் பசியாலும் நோயாலும் சாகும் குழந்தைக்காக அந்த ஆடையின் விலையைக் கொடுப்பதில் மட்டும் எப்படித் தயங்கலாம் என்பது அவர் கேள்வி. இதிலிருந்து அவர் இரண்டு நெறிகளைத் தந்தார். ஒப்பிடத்தக்க அறமதிப்புள்ள எதையும் இழக்காமல் ஒரு பெருந்தீங்கைத் தடுக்க முடிந்தால் தடுத்தே ஆகவேண்டும் என்பது கடுமையான நெறி. இதன்படி, இன்னும் கொடுத்தால் பெறுபவருக்கு ஏற்படும் நன்மையைவிட எனக்கு ஏற்படும் துன்பம் அதிகமாகும் என்ற எல்லைவரை கொடுத்துக்கொண்டே போகவேண்டும். அறமதிப்புள்ள எதையும் இழக்காமல் தடுக்க முடிந்தால் தடுக்கவேண்டும் என்பது மிதமான நெறி. சிங்கர் கடுமையானதையே சரி என்று கருதினார். மிதமானதை ஏற்றால்கூட நம் வாழ்க்கைமுறை பெரிதும் மாறவேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

குளத்தில் ஒரு குழந்தைதான் இருக்கிறது, அதைக் காப்பாற்றியதும் கடமை முடிந்துவிடுகிறது. தொலைதூரத்துத் துன்பத்தில் அடுத்த குழந்தையும், அதற்கடுத்த குழந்தையும் காத்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ‘இன்னும் ஒன்றுதானே’ என்ற அதே வாதம் அதே வலிமையோடு திரும்பி வருகிறது. உங்கள் திரைப்படச் சீட்டு இந்த வரிசையில்தான் அகப்பட்டுக்கொள்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயன்பாட்டுவாதத் தத்துவவாதி ஹென்றி சிட்ஜ்விக் 1874இல் தெளிவாக்கியபடி, ஒரு செயல் தவறா என்பதும் அதற்காக ஒருவரைப் பழிக்கலாமா என்பதும் இக்கோட்பாட்டில் வெவ்வேறு கேள்விகள். பழித்தலும் ஒரு செயலே ஆதலால், அதனால் நன்மை விளையுமா என்று தனியே பார்க்கவேண்டும். திரைப்படம் பார்த்தவரையெல்லாம் பழிக்கத் தொடங்கினால் யாருக்கும் நன்மை விளையாது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): இந்தக் குறையை ஜான் ஸ்டூவர்ட் மில் போன்ற முன்னோடிகள் அறிந்திருக்கவில்லையா? எல்லாமே கடமை என்றாகிவிட்டால் தியாகம் என்று ஒன்றைப் போற்றவே வழியில்லாமல் போகுமே.

பதில்: அறிந்திருந்தார். 1861இல் அவர் எழுதி, 1863இல் நூலாக வந்த கட்டுரைகளில் இந்த எதிர்ப்பை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார். அவருடைய மறுமொழியில் இரண்டு பகுதிகள் உண்டு. செயலை அளக்கும் அளவுகோலையும் செயலுக்குத் தூண்டும் எண்ணத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பது முதல் பகுதி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது செயல்களை நாம் வேறு எண்ணங்களால் தூண்டப்பட்டே செய்கிறோம், அளவுகோல் அவற்றைக் கண்டிக்காதவரை அதில் பிழையில்லை என்றார். பரந்த அளவில் பொதுநன்மை செய்யும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவருக்கே கிடைக்கிறது, ஏனையோர் தம்மைச் சூழ்ந்த சிலரின் நலனைக் கருதினால் போதும் என்பது இரண்டாம் பகுதி.

முதல் பகுதி இன்றும் நிற்கிறது. இரண்டாவது பகுதி உலகம் இருந்த நிலையைச் சார்ந்தது, அந்த நிலை இப்போது இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் பணமும் மருந்தும் போய்ச்சேரும் காலத்தில், நடுத்தர வருமானமுள்ளவர் ஒருவர்கூட முன்பின் அறியாத உயிரைக் காக்கும் நிலையில் இருக்கிறார். மில் ஆயிரத்தில் ஒருவருக்கென்று ஒதுக்கிய இடத்தில் இன்று நம்மில் மிகப் பலர் நிற்கிறோம். கோட்பாடு ஒரு சொல்லும் மாறாதிருக்க, அதன் கோரிக்கை மட்டும் பன்மடங்கு பெருகியிருப்பது இதனால்தான்.

தியாகத்தைப் பற்றிய உங்கள் ஐயம் மிக நியாயமானது. 1958இல் தத்துவவாதி ஜே. ஓ. அர்ம்சன் இதையே எழுப்பினார். தன் தோழர்களைக் காக்க வெடிகுண்டின் மேல் பாய்ந்து உயிர்விடும் வீரரின் செயலைக் கடமை, அனுமதிக்கப்பட்டது, விலக்கப்பட்டது என்ற மூன்று பெட்டிகளில் எதிலும் போட முடியாது என்றார் அவர். மில்லும் 1865இல் பிரெஞ்சுத் தத்துவவாதி ஆகஸ்ட் காம்ட்டைப் பற்றி எழுதுகையில், எல்லோரும் எட்டவேண்டிய ஓர் அளவு உண்டு, அதற்கு மேற்பட்டது போற்றுதற்குரியதே தவிரக் கட்டாயம் அல்ல என்று ஒப்புக்கொண்டார். மில்லின் எழுத்துகளில் எனக்கு மிகவும் சரியென்று படும் இடங்களுள் இது ஒன்று. அவருடைய அடிப்படை விதியிலிருந்து இந்த முடிவு எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான் அவர் போதிய அளவு விளக்கவில்லை.

கேள்வி (செவிலியர் ஒருவர்): நாள் முழுதும் நோயாளிகளுக்காகவே உழைக்கிறேன். விடுமுறை நாளில் மருத்துவ முகாமுக்கு அழைக்கிறார்கள். போகாமல் வீட்டில் படுத்திருந்தால் குற்றவுணர்வு வாட்டுகிறது. இந்தக் கோட்பாடு எனக்கு என்ன சொல்லும்?

பதில்: ஓய்வெடுங்கள் என்றுதான் அதுவும் சொல்லும். உடலும் மனமும் ஒடிந்துபோன செவிலியரால் யாருக்கும் பயனில்லை. சோர்வில் பிழைகள் நேரும். இந்த ஆண்டு தம்மை எரித்துத் தீர்த்துக்கொண்டவர் அடுத்த ஆண்டு பணியிலேயே இருக்கமாட்டார். ஆகவே நெடுங்கால நன்மையைக் கணக்கிட்டாலே உங்கள் ஓய்வுக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. பயன்பாட்டுவாதிகள் பலரும் தரும் மறுமொழி இது, உண்மையும்கூட.

ஆனாலும் இதைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. ஏனெனில் இந்த விடையில் உங்கள் உறக்கம் நாளைய நோயாளிகளின் பொருட்டே நியாயப்படுத்தப்படுகிறது. கணக்கில் உங்கள் சொந்த மகிழ்ச்சிக்கும் ஓர் இடம் உண்டு என்பது மெய்தான். எனினும் எதிர்ப்பக்கத்தில் பலருடைய துன்பம் நிற்கும்போது அந்த ஓரிடம் எப்போதுமே தோற்றுவிடும். இதைத்தான் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் கூர்மையாகச் சுட்டிக்காட்டினார். அவர் தந்த எடுத்துக்காட்டில் ஜார்ஜ் என்ற வேதியியலாளர் வேலையின்றித் தவிக்கிறார். வேதியியல், உயிரியல் ஆயுதங்களை ஆராயும் கூடத்தில் அவருக்கு இடம் கிடைக்கிறது. அவ்வாயுதங்களை அவர் மனமார எதிர்ப்பவர். ஆனால் அவர் மறுத்தால், மிகுந்த ஆர்வத்தோடு அவற்றை வளர்க்கக்கூடிய வேறொருவர் அங்கே அமர்வார். விளைவை மட்டும் பார்த்தால் ஜார்ஜ் சேரவேண்டும். வில்லியம்ஸ் எழுப்பிய கேள்வி, அந்த விடை சரியா தவறா என்பதோடு நிற்கவில்லை. ஒரு மனிதர் தம் வாழ்க்கையை எதன்மேல் கட்டியிருக்கிறாரோ அந்தப் பற்றுறுதியை, மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கணக்கின் ஒரு மூலையில் வைத்து அடித்துவிடலாம் என்று கருதுவது, அவரை அவருடைய செயல்களிலிருந்தே பிரித்துவிடுகிறது என்றார்.

ஆக, ‘மிக அதிகமாகக் கேட்கிறது’ என்ற குறையில் இரண்டு தனித்தனிக் குறைகள் கலந்திருக்கின்றன. ஒன்று அளவைப் பற்றியது: எவ்வளவு பணம், எவ்வளவு நேரம். மற்றொன்று அளவைக் குறைத்தாலும் தீராதது: ஒருவருடைய வாழ்க்கை அவருடையதாக இருக்கிறதா, அல்லது நன்மை பாய்ந்துசெல்லும் வாய்க்காலாக மட்டும் இருக்கிறதா?

பீட்டர் ரெயில்டன் 1984இல் இதற்கு ஒரு மறுமொழி தந்தார். சிறந்த பயன்பாட்டுவாதி ஒவ்வொரு கணமும் கணக்குப் போடுபவராக இருக்கவேண்டியதில்லை. நட்பு, காதல், தொழிற்பற்று ஆகியவற்றில் இயல்பாக மூழ்கி வாழலாம். அப்படி வாழ்வது மொத்தத்தில் நன்மைக்கு மாறாகிவிட்டால் மட்டும் வாழ்வை மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருந்தால் போதும் என்றார். இது நாள்தோறும் ஏற்படும் நெருக்கடியை நிச்சயமாகக் குறைக்கிறது. அதே சமயம் அன்புகளையெல்லாம் நிரந்தரமாகத் தகுதிகாண் பருவத்திலேயே வைத்துவிடுகிறது என்பதால், பாதிக் குறையைத்தான் தீர்க்கிறது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பிறருடைய நலன் முக்கியம் என்று நாம் கருதுவதன் காரணம், அவர்களுக்கு உள்ளிருந்து வாழப்படும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதே. அந்தக் காரணம் உங்களுக்கும் பொருந்தும். ஓய்வு நாள் உங்களுடையது என்பதற்கு நாளைய நோயாளிகளின் சாட்சியம் தேவையில்லை. குற்றவுணர்வை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்; அது ஏற்கெனவே மிகுதியாகச் செய்பவர்களையே பெரும்பாலும் தேடிவந்து வாட்டுகிறது, ஒன்றுமே செய்யாதவர்களை அண்டுவதில்லை.

கேள்வி (வழக்கறிஞர் ஒருவர்): இயலாததைச் செய்யுமாறு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது சட்டத்திலும் அறத்திலும் பழைய விதி. யாராலும் பின்பற்ற முடியாத கோட்பாடு பொய்யான கோட்பாடு என்று ஏன் சொல்லிவிடக் கூடாது?

பதில்: இயலாமையையும் விருப்பமின்மையையும் முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். வருமானத்தின் பெரும்பகுதியைப் பிறர்க்குக் கொடுப்பது யாராலும் முடியாத செயல் அல்ல. மிகவும் கடினமான செயல். மனித மனம் உண்மையிலேயே தாங்காத எல்லை ஒன்று இருந்தால், இயன்றவற்றுள் சிறந்ததையே கேட்கும் இக்கோட்பாடு அந்த எல்லையைத் தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் விதி இதை வீழ்த்தாது. உங்கள் வாதத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது: இயலும் என்றாலும், இவ்வளவு சுமத்துவது நியாயமில்லை என்பதே அது.

இங்கேதான் மிகவும் நிதானிக்கவேண்டும். சுமை என்று நாம் எண்ணுவது யாருடைய சுமை? டேவிட் சோபெல் 2007இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத் தொட்டது. அவர் வாதத்தை என் எடுத்துக்காட்டில் சொல்கிறேன். ஒருவரிடம் நிறைந்த களஞ்சியம் இருக்கிறது, பூட்டியிருக்கிறது. வெளியே ஒருவர் பட்டினியால் சாகும் நிலையில் இருக்கிறார். களஞ்சியக்காரர் தானியத்தில் ஒரு பங்கைத் தந்தே ஆகவேண்டும் என்று பயன்பாட்டுவாதம் சொல்கிறது. உடனே ‘எவ்வளவு கடுமையான கோரிக்கை’ என்கிறோம். தருவது அவர் விருப்பம், ஆனால் பட்டினி கிடப்பவர் பூட்டை உடைக்கலாகாது என்று நாம் பழகிய அறம் சொல்கிறது. இந்தக் கோரிக்கை யாருக்கும் கடுமையாகத் தோன்றுவதில்லை. உண்மையில் அது ஒருவரிடம், ‘இன்னொருவரின் உடைமையை மதித்துச் செத்துப்போ’ என்று கேட்கிறது. இரண்டில் எது பெரிய கோரிக்கை?

எந்தக் கோட்பாடும் செலவை இல்லாமலாக்குவதில்லை; யார் தலையில் அது விழவேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது. உதவுபவர் இழப்பதை மட்டும் ‘கோரிக்கை’ என்று எண்ணிக்கொண்டு, உதவி கிடைக்காதவர் இழப்பதை வெறும் துரதிருஷ்டம் என்று ஒதுக்கினால், செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதைத்தான் பயன்பாட்டுவாதம் மறுக்கிறது. ஆகையால் ‘அதிகமாகக் கேட்கிறது’ என்ற குறை தன் காலிலேயே நிற்கும் வாதம் அல்ல. அந்த வேறுபாட்டை முதலில் தனியே நிறுவினால்தான் இது நிற்கும்.

இந்த வாதத்தை நான் மிக வலிமையானதாகக் கருதுகிறேன். வசதியாக வாழும் ஒருவர் கோட்பாட்டை நிராகரிக்க விரைவதற்கு முன், தம் நிராகரிப்பின் செலவை யார் செலுத்துகிறார் என்று பார்த்தாகவேண்டும். நம் மரபான அறமும் இதை முற்றிலும் அறியாததல்ல. 13ஆம் நூற்றாண்டில் கிறித்துவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், உயிர்போகும் தேவையில் இருப்பவர் பிறர் பொருளை எடுத்துக்கொள்வது திருட்டாகாது என்று எழுதினார். அவர் எந்த வகையிலும் பயன்பாட்டுவாதி அல்லர்.

அதேசமயம் செய்வதும் விடுவதும் முற்றிலும் ஒன்றே என்று ஏற்க எனக்கு முடியவில்லை. நான் யாரையும் தாக்காமல் இருந்தால் போதும் என்றால், என் வாழ்க்கையை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளும் இடம் எனக்கு மிஞ்சுகிறது. உலகில் நிகழும் தீங்குகள் அனைத்தையும் நான் தடுத்தாகவேண்டும் என்றாலோ, என் ஒவ்வொரு மணி நேரத்தையும் வேறு யாரோ ஒருவருடைய நிலைமை தீர்மானிக்கும். அந்த வேறுபாடு உண்மையானது. அது நமக்குத் தரும் சலுகை, நாம் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியதன்று என்பதே என் கருத்து.

கேள்வி (வங்கி ஊழியர் ஒருவர்): எல்லோரும் தத்தம் பங்கைக் கொடுத்தால் ஆளுக்குச் சிறிதளவே போதும். மற்றவர்கள் கொடுக்காமல் நழுவுவதால் ஏற்படும் பற்றாக்குறையை நான் ஏன் சுமக்கவேண்டும்?

பதில்: லியாம் மர்ஃபி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உங்கள் கருத்துக்கு முறையான வடிவம் கொடுத்தார். நன்மை செய்தல் என்பது எல்லோரும் சேர்ந்து ஏற்கும் திட்டம். எல்லோரும் பங்களித்தால் என் பங்கு எவ்வளவு இருக்குமோ அதற்கு மேல் என்னிடம் கேட்கலாகாது என்றார். சிங்கரும் 1972 கட்டுரையிலேயே இதை எதிர்கொண்டார்: என் நிலையிலுள்ள எல்லோரும் ஐந்து பவுண்டு கொடுத்தால் போதும் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் எல்லோரும் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்கும்போது அந்தக் கணக்கு என்னைக் கட்டுப்படுத்தாது என்றார்.

இரண்டு குழந்தைகள் மூழ்குகின்றன, கரையில் நீங்களும் இன்னொருவரும் நிற்கிறீர்கள், அவர் நடந்துபோய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தையைத் தூக்கிக் கரையேற்றியபின், ‘என் பங்கு முடிந்தது’ என்று உங்களால் நிற்க முடியுமா? முடியாது என்றே நம்புகிறேன். உங்களுக்கு நேர்ந்த அநீதி உண்மை. ஆனால் அதைச் செய்தவர் நடந்துபோனவர். நீரில் இருக்கும் குழந்தையிடம் அதற்கான ஈட்டைக் கேட்க முடியாது.

ஆயினும் உங்கள் கேள்வியில் இருக்கும் கோபத்துக்குச் சரியான திசை உண்டு. தனிமனிதர் தலையில் இவ்வளவு பாரம் ஏறுவதற்குக் காரணம், அரசுகள் செய்யவேண்டியதைச் செய்யாததே. பொருளாதார வளம் பெற்ற நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளர்ச்சி உதவியாகத் தரவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1970இல் தீர்மானித்தது. சுவீடன், நார்வே, டென்மார்க், லக்சம்பர்க் போன்ற மிகச் சில நாடுகளே அதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் எட்டின. பங்கு நியாயமாகப் பிரியவேண்டும் என்று விரும்புகிறவர் வாக்களிக்கும்போதும் அதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

கேள்வி (கணக்காளர் ஒருவர்): சுற்றி வளைக்காமல் ஓர் எண் சொல்லுங்கள். வருமானத்தில் எத்தனை சதவீதம் கொடுத்தால் கடமை முடிந்தது?

பதில்: கோட்பாட்டிலிருந்து அப்படி ஓர் எண் பிறக்காது. வழக்கத்திலுள்ள எண் உண்டு: 2009இல் டோபி ஓர்ட், வில்லியம் மெக்காஸ்கில் ஆகியோர் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய உறுதிமொழி இயக்கம் வருமானத்தில் 10 சதவீதத்தைக் கேட்கிறது. அதே ஆண்டு வெளிவந்த நூலில் சிங்கர், வருமானம் உயர உயரச் சதவீதமும் உயரும் ஓர் அட்டவணையை முன்வைத்தார். தம் கடுமையான நெறி கேட்பதைவிட அது மிகக் குறைவு என்பதை அவர் அறிந்தே செய்தார். மிக உயரத்தில் வைத்த அளவு மக்களை மனம்தளரச் செய்து ஒன்றும் கொடுக்காமல் விடச்செய்யும் என்பது அவர் கணிப்பு. குறைந்த வருமானத்தில் குடும்பத்தைத் தாங்குபவருக்கு 10 சதவீதம் மிக அதிகம், பெருஞ்செல்வருக்கு அது மிகச் சொற்பம்.

கேள்வி (தமிழிலக்கிய ஆர்வலர் ஒருவர்): இந்த வினா நம் அறநூல்களில் எழுந்ததுண்டா?

பதில்: திருக்குறளிலேயே இரு முனைகளும் இருக்கின்றன. ஒப்புரவறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறள் (220), ஒப்புரவால், அதாவது பிறருக்கு உதவி வாழ்வதால், கேடு வருமாயின் அக்கேடு தன்னை விற்றாவது கொள்ளத் தக்கது என்கிறது. சிங்கரின் கடுமையான நெறிகூட இதைவிட அதிகம் கேட்கவில்லை. வலியறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறளோ (480), தனக்குள்ள பொருளின் அளவை ஆராயாமல் செய்யும் ஒப்புரவால் செல்வத்தின் அளவு விரைவில் கெடும் என்று எச்சரிக்கிறது. முன்னது அறத்துப்பாலில் இல்லறத்தானை நோக்கியது. பின்னது பொருட்பாலில் ஆள்வோனின் வலிமையைப் பேசும் இடத்தில் வருவது. ஆகவே முரண் என்று சொல்லிவிட முடியாது. எனினும் ஒரே நூல், கொடுப்பதன் பெருமைக்கு எல்லையில்லை என்றும் கொடுப்பவரின் பொருளுக்கு எல்லை உண்டு என்றும் தனித்தனி இடங்களில் சொல்லியிருப்பதை, இரண்டையும் ஒருசேர ஏற்கவேண்டும் என்ற அறிவுறுத்தலாகவே நான் படிக்கிறேன்.

கேள்வி (இரு பிள்ளைகளின் தந்தை ஒருவர்): என் பிள்ளைகளுக்காக நான் செலவழிப்பதில் ஒரு பகுதி, வேறெங்கோ ஒரு குழந்தையின் உயிரைக் காத்திருக்கும் என்று படித்தேன். அன்றிலிருந்து மனம் அமைதியாக இல்லை. என் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுப்பது பாரபட்சமா?

பதில்: பாரபட்சம்தான், ஆனால் எல்லாப் பாரபட்சமும் குற்றமல்ல. 1793இல் வில்லியம் காட்வின், தீப்பற்றிய மாளிகையிலிருந்து பேராயர் ஃபெனெலோனையோ பணிப்பெண்ணையோ ஒருவரை மட்டும் மீட்க முடியும் என்றால், உலகுக்கு மிகுதியாகப் பயன்படும் பேராயரையே மீட்கவேண்டும், பணிப்பெண் என் தாயாக இருந்தாலும் இதுவே விடை என்று எழுதினார். அந்த வரி அன்றே பலரை அதிரவைத்தது. வில்லியம்ஸ் 1976இல் எதிர்முனையிலிருந்து எழுதினார்: ஆபத்தில் இருக்கும் பலருள் தன் மனைவியைக் காப்பாற்றும் ஒருவன், ‘இத்தகைய நிலையில் மனைவியைக் காப்பது அனுமதிக்கப்பட்டது’ என்று காரணம் தேடினால், அது தேவைக்கு மிஞ்சிய ஓர் எண்ணம் என்றார். தந்தை மகளைத் தூக்கக் கை நீட்டும்போது அங்கே கணக்குக்கு இடமில்லை என்பதில் நான் வில்லியம்ஸின் பக்கம்.

இந்த முன்னுரிமைக்கு எல்லை எது என்பதே கடினம். சாமுவேல் ஷெஃப்லர் 1982இல், ஒருவர் தம் பற்றுகளுக்குப் பொதுநலக் கணக்கு தருவதைவிடக் கூடுதலான எடை தர அனுமதி உண்டு, ஆனால் அந்த எடை வரம்பற்றதல்ல என்ற ஏற்பாட்டை முன்வைத்தார். ஷெல்லி கேகன் 1984இல் அதன் பலவீனத்தைக் காட்டினார்: சொந்த நலனுக்குக் கூடுதல் எடை தரலாம் என்றால், அதே எடையைக் காட்டிப் பிறருக்குத் தீங்கு செய்யவும் அனுமதி கிடைத்துவிடுமே என்றார். அது நியாயமான எதிர்ப்பு. தீங்கு செய்யலாகாது என்ற தனித் தடையையும் சேர்த்தால்தான் ஷெஃப்லரின் ஏற்பாடு நிற்கும் என்று கருதுகிறேன்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். பிள்ளைகளின் உணவு, உடல்நலம், கல்வி, உங்களோடு அவர்கள் கழிக்கும் மகிழ்ச்சியான நேரம் ஆகியவற்றை வேறு எந்தக் கணக்கும் அசைக்கவேண்டியதில்லை. நீங்கள் அவர்களுக்குத் தந்தை என்பதன் பொருளே அவைதாம். அவற்றுக்கும் அப்பால் ஒரு பகுதி இருக்கிறது: மற்றப் பிள்ளைகளைவிட ஒரு படி முன்னே நிறுத்துவதற்காக மட்டும் செய்யும் செலவு, இருக்கும் பொருள் நன்றாகவே இருக்கையில் புதியது வாங்கும் செலவு. இந்தப் பகுதியைத் தந்தையின் அன்பு என்ற பெயரால் முழுதும் காத்துக்கொள்ள முடியாது. தொலைவிலுள்ள குழந்தையின் உயிருக்கு இதன்மீது உரிமையுண்டு.

இந்த ஒப்பீட்டை ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் செய்யாதீர்கள். மகள் ஆசையோடு கேட்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே முகமறியாத குழந்தையின் மரணத்தை நிறுத்துவது உங்களையும் வருத்தும், தீர்ப்பையும் கெடுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, கணவனும் மனைவியும் அமர்ந்து, குடும்பத்தின் தேவைகளை முதலில் ஒதுக்கி, எஞ்சியதில் நன்கு உணரும்படியான ஒரு பங்கை வெளியே போவதற்கென்று பிரித்துவிடுங்கள். அது போய்ச்சேரும் அமைப்பு உண்மையிலேயே உயிர் காக்கிறதா என்பதைத் தேடி அறிவதற்கும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். பங்கின் அளவை அடுத்த ஆண்டு மீண்டும் பேசுங்கள். இடைப்பட்ட நாட்களில் பிள்ளைகளுக்காகச் செலவிடுவதை மன உறுத்தல் இல்லாமல் செலவிடலாம்.